மொட்டையோடு முடிந்த வைத்தியம்

திருத்தணி மெட்ராஸுக்கு, புத்தூர் ஆந்திராவுக்கு என்று எல்லை முடிவான சமயத்தில் நடந்தது இது. நான் பிறந்த ஊர் திருத்தணிப் பக்கம், வாழ்க்கைப்பட்ட ஊர் புத்தூர்ப் பக்கம். ரெண்டு வீட்டிலும் தமிழ்தான், விவசாயம்தான். நடுவில் கோடு விழுந்ததில் அம்மா வீடு வேறு ராஜ்யம் ஆகிப்போனது. அந்தக் கோட்டைப் பற்றிப் பேசத்தான் அன்றைக்கு ஊர் முழுக்க ஆள் இருந்தார்களே. நான் சொல்ல வந்தது, திருப்பதியில் ஒரு டாக்டர் முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன், அந்த ஒரு நாளைப் பற்றி.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், என்னை ரயிலில் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லைத் தகராறு சூடாக இருந்த நேரம். வழியில் மறியல் என்று ரயிலை ஸ்டேஷனுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூச்சல், போலீஸ் விசில், பெட்டி மேல் கல் விழும் சத்தம். நைனா வேறு பெட்டியில் இருந்தார். பெண்கள் பெட்டியில் இருந்தவர்கள் பயந்துபோய்க் கதவைத் தாழ் போட்டு, ஜன்னல் பலகைகளையும் இறக்கிவிட்டார்கள். சித்திரை வெயில். கை நிறைய வளையலும் நிறைந்த வயிறுமாகக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ‘திறக்காதே, திறக்காதே’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது, அவரவர் உயிர் அவரவருக்கு. ஆனால் என் மூச்சு அங்கேயே நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நிற்கவில்லை. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. புருஷன் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வேறு ஒன்று ஆரம்பித்தது. நன்றாக இருந்துகொண்டே இருப்பேன், திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் மரத்துப்போகும், தொண்டை அடைக்கும், இதோ சாகப் போகிறேன் என்று தோன்றும். ஒரு நாள் சாரல் அடிக்கிறது என்று கதவைச் சாத்தினார்கள். மடியில் இருந்த குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடிவிட்டேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்குக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்த மாமியார் அப்புறம் இறக்கவே இல்லை.

“பெத்த கொயந்தைய உட்டுட்டு ஓட்றியே, இன்னா பொம்பள நீ? உனுக்கு சரியாவட்டும், அப்பறம் தூக்கிக்க.”

பால் கொடுக்க மட்டும் என் மடிக்கு வரும். பால் மறந்த பிறகு அதுவும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் குழந்தை சிரிக்கிற சத்தத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தாயத்து, வேப்பிலை, காத்து கருப்பு என்று எல்லாம் பார்த்தாயிற்று. கட்டின தாயத்துக்கெல்லாம் கை போதவில்லை.

அப்போதுதான் ரேணிகுண்டா ரயில்வேயில் வேலை பார்த்த எங்கள் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒரு சேதி சொன்னார். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாசா மாசம் மெட்ராஸிலிருந்து ஒரு நரம்பு டாக்டர் வருகிறாராம். ஊசி கிடையாதாம், நம்மைப் பேசவைத்தே குணப்படுத்துவாராம். நான் வீட்டுக்காரரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவர் நல்ல மனுஷர். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத நல்ல மனுஷர். மாமியார் ஒத்துக்கொண்டார், ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது என்றார். வீட்டில் கல்யாணத்துக்கு நாத்தனார் இருந்தாள். அண்ணிக்குப் பைத்தியம் என்றால் அவளை யார் கட்டுவார்கள்?

அதனால் எனக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று மலைக்கு வேண்டுதல் இருப்பதாக ஊரில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் திருப்பதிக்குப் போக அதைவிடப் பொருத்தமான காரணம் ஏது? பிரசாதம் கொண்டுவரச் சொல்லி அக்கம்பக்கத்தில் வழியனுப்பினார்கள். குழந்தையை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் கிளம்பினோம்.

வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ரயில், வளையல், மழை, குழந்தை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் குணமாகும், குணமானால் குழந்தை என்னிடம் படுக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நல்ல கூட்டம். முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியாருக்குத் திடீரென்று தூக்கிவாரிப் போட்டது. எதிர் பெஞ்சில் காய்ச்சலுக்கு வந்திருந்த ஆள் புத்தூர்க்காரர், தெரிந்தவர். எங்களை உள்ளே கூப்பிட்டதும் மாமியார் செய்த முதல் காரியம், நர்ஸம்மாவைப் பார்த்து “தலுபு வெய்யம்மா” என்று தெலுங்கில் கதவைச் சாத்தச் சொன்னதுதான். நர்ஸம்மாவும் சாத்தினாள். சாத்தினதோடு விடாமல் தாழையும் போட்டாள்.

சின்ன அறை. மூக்குக்கண்ணாடி போட்ட, அமைதியான டாக்டர். “சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன பண்ணுது?” என்று கேட்டார். கேட்டு வாய் மூடவில்லை, எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது. விரல் மரத்தது. கண் தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கே புரிந்தது. ரயிலிலும் கதவு, மழையிலும் கதவு, இங்கேயும் கதவு. இத்தனை நாளாக என்னைப் பிடித்து ஆட்டியது எது என்று கண்ணுக்கு நேரே தெரிகிறது, சொல்ல வாய் வரவில்லை. ‘கதவைத் திறங்க’ என்று சொன்னால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

நர்ஸம்மா விசிறினாள். தண்ணீர் கொடுத்தாள், பாதி என் புடவையில் கொட்டியது. டாக்டர் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்காக மாமியார் பதில் சொன்னார்.

“இப்படித்தான் சாமி, கம்முனு கீறா. கொயந்தைய தூக்கவே மாட்றா.”

தூக்க மாட்டேன் என்கிறேனாம்! அது பொய் என்று சொல்லக்கூட எனக்கு மூச்சு இல்லை. டாக்டர், “அவங்க பேசட்டும்மா” என்று மாமியாரை அடக்கினார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கொடுத்த நேரம் முழுக்க இப்படியே போனது. கடைசியில் அடுத்த ஆளைக் கூப்பிட நர்ஸம்மா தாழை விலக்கிக் கதவைத் திறந்தாள். காற்று வந்தது. கூடவே என் குரலும் வந்தது. “டாக்டர்” என்று திரும்பினேன். அதற்குள் வேறொருத்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், மாமியார் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

மாமியார் என்னைத் தாழ்வாரத்தில் இழுத்துக்கொண்டு போகும்போது, வாசல்வரை வந்து டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “இன்னிக்கு பயத்துலயே நேரம் போயிடுச்சு. அவங்களால எதுவும் பேச முடியல. பரவாயில்ல, அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க, மெதுவா பேசலாம்.” பேச முடியவில்லை என்றது மட்டும் எங்கள் வீட்டார் காதில் விழுந்தது.

“அம்மாந்தூரம் இட்டுகினு வந்து, வாயத் தொறக்கலியே இவ” என்றார் மாமியார்.

இத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்தால்கூடத் தேவலாம். ஊரில் வேண்டுதல் என்று சொல்லியாகிவிட்டதே! சொன்ன பொய்யை நிஜமாக்க வேண்டாமா? பஸ் ஏறி மலைக்குப் போனோம். வேண்டுதல் எனக்காக என்று சொல்லியிருந்ததால் இறக்க வேண்டியது என் முடி. இடுப்புக்குக் கீழே தொங்கின முடி. நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். “சாமி காரியம், வேணாம்னு சொல்லக் கூடாது” என்றார். தலையில் தண்ணீர் தெளித்தார்கள், குனிந்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாதவள் இங்கே மட்டும் என்ன சொல்லிக் கிழித்துவிடப் போகிறேன்?

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தரிசனத்துக்குப் போனோம். சரியான நெரிசல். முன்னால் இருப்பவர் முதுகில் என் முகம் இடிக்கிறது, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? வழியில் சாத்தின கதவு ஒன்றும் இல்லை. மாமியார் அதை வேறு மாதிரி பார்த்தார். வெளியே வந்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“பாத்தியாடா, டாக்டர்கிட்ட வந்தது சாமிகிட்ட வரல. முடியோட பூட்ச்சி.”

வீட்டுக்கு வந்ததும் குழந்தையிடம்தான் ஓடினேன். வேண்டுதல் பலித்துவிட்டதாம், இனிமேல் தூக்கலாமாம். கையை நீட்டினேன். என் மகள் என் தலையைப் பார்த்தாள். வீறிட்டு அழுதுகொண்டு ஓடி மாமியாரின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், குணமானவள் சிரிக்க வேண்டும் இல்லையா?

அடுத்த மாசம் டாக்டர் வருகிற நாள் பார்த்து வீட்டுக்காரரிடம் கதவைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மாமியார் வந்துவிட்டார். “சாமிக்கு முடி குட்த்தாச்சி. மறுபடி டாக்டர்கிட்ட போனா, சாமி ஒண்ணியும் செய்லன்னு ஆவாதா?” என்றார். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அப்புறம் நான் குணமானவளாகவே காலம் தள்ளினேன். கதவுப் பக்கமாக உட்காருவேன். சாத்தினால் ஏதாவது சாக்குச் சொல்லித் திறந்து வைப்பேன். முடி வளர்ந்து பழையபடி பின்னல் போட்டேன். மகள் மாமியாரை ‘அம்மா’ என்று கூப்பிட்டு வளர்ந்தாள். என்னைக் கூப்பிட அவளுக்கு ரொம்ப நாள் ஒரு பெயரும் இல்லை.

சில வருஷம் முன்னால், திருப்பதியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த என் பேத்திக்கும் இந்த மாதிரி நெஞ்சு படபடப்பு வந்தது. என் மகள் அவளைக் கவுன்சிலிங்குக்குக் கூட்டிப்போனபோது துணைக்கு நானும் போனேன். அழுதுகொண்டே வெளியே வந்தாள். “சுத்த வேஸ்ட்டும்மா. நேரம் பூரா பயந்துகினேதான் இருந்தேன், ஒண்ணியும் பேசல” என்றாள். அன்றைக்கு என் மொட்டையைப் பார்த்து அலறின என் மகள், அவள் முதுகைத் தடவிக்கொண்டு, “அதுக்கின்னா? அடுத்த வாரம் வரலாம்” என்றாள். சர்வசாதாரணமாகச் சொன்னாள், பஸ் போனால் அடுத்த பஸ் என்கிற மாதிரி.

பேத்தி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த வயசில் பேத்தி மேல் என்ன பொறாமை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் வெட்கம்தான். ஆனாலும் அந்த ‘அடுத்த வாரம் வரலாம்’ என்ற பேச்சை யாராவது ஒருத்தர் எனக்காக அன்றைக்கு என் மாமியாரிடம் பேசியிருந்தால், என் மகள் என்னைத்தான் முதலில் அம்மா என்று கூப்பிட்டிருப்பாள் என்ற நினைப்பு இன்றுவரை என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.