ஆற்றுக்கு அக்கரைக் கந்தோர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு மொன்ட்ரியாலில் கிடைத்த வேலை அது. குறை சொல்லவில்லை. என்னோடு அதே தொட்டியில் கை வைத்தவன் ஒரு பூர்வகுடி ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆற்றுக்கு அக்கரையில், பாலம் தாண்டினால் அவனுடைய ஊர். ஆனால் அனுமதியில்லாமல் அவன் பாலத்தைத் தாண்டக்கூடாது. சிறை மறியலில் இருந்து பரோலில் வந்திருந்தான்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டியிருக்கிறான். பக்கத்தில் இருந்த சிநேகிதன் அந்த இடத்திலேயே செத்துப்போனான். அவனுடைய பரோல் அதிகாரிதான் இதை எனக்குச் சொன்னார், அவனுக்கு முன்னாலேயே. அவன் சூப் கிடாரத்தைத் தேய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை.

அந்த அதிகாரி அம்மாவும் அவனுடைய ஊர்க்காரிதான். அரசாங்கத்தின் பரோல் கந்தோர் நகரத்துக்குள் பெரிய கட்டடத்தில் இருந்தது. இவருடையது வேறு, தங்கள் ஆட்களைத் தாங்களே பார்த்துக்கொள்வோம் என்று ஊர் பொறுப்பெடுத்து நடத்திய சின்னக் கந்தோர். அவர் பின்கதவால் வந்து உருளைக்கிழங்கு மூட்டையில் குந்தியிருப்பார். குடித்தானா என்று கேட்கமாட்டார். "ஆரோட இருந்து சாப்பிடுறான்? சிரிக்கிறவனோ?" என்று என்னைக் கேட்பார். ஊரில் இரவில் வீட்டில் நிற்கவேண்டியவர்கள் நிற்கிறார்களா என்று பார்க்க அவர் ரெலிபோன் எடுப்பதில்லையாம். காரில் மெதுவாகப் போய், வாசலில் சப்பாத்துக் கிடக்கிறதா என்று பார்ப்பாராம். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு அது எங்கள் தமிழாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய கார் பின்பக்கம் வந்து நிற்கும்போதெல்லாம் இமிகிரேசன்தான் வந்துவிட்டது என்று நான் முன்பக்கம் நகருவேன். எங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. கார் யாருடையது என்று தெரிந்த பிறகும் நகருவேன்.

இலையுதிர் காலத்தில் அவனுடைய தாய்க்கு இருதய வருத்தம் கூடியது. தனிய இருக்கிற மனுசி. வீட்டோடு போய் நின்று அவரைப் பார்க்கவேண்டும் என்று அவன் கேட்டான். அந்தக் கந்தோர் அதற்குத் தானாக ஓம் சொல்லாது. ஊரைக் கேட்கவேண்டும், முக்கியமாக, செத்துப்போனவனின் தாயைக் கேட்கவேண்டும். அதிகாரி அந்தத் தாயின் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். பிறகும் ஒருதரம் போய் வந்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"நான் இன்னும் கேக்கேல்லை."

"அப்ப ஏன் போனனீங்கள்?"

"கேக்கிறதுக்குத்தான்."

கடைசியில், கந்தோரில் ஊர் கூடிக் கதைக்கும்போது அந்தத் தாயும் வந்து இருக்கச் சம்மதித்தார். அவன் நகரத்தில் எப்படி இருக்கிறான் என்று சொல்ல ஓராள் வேண்டும், நீங்கள் வாருங்கள் என்றார் அதிகாரி.

"கையெழுத்து ஏதும் வைக்கவேணுமோ?"

"இல்லை. வாயால சொன்னாக் காணும்."

எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது. வைத்த கையெழுத்தையாவது யாரிடமாவது காட்டி விசாரிக்கலாம். பார்க் எக்ஸ்டென்ஷனில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, எங்கட கேசுக்கே ஒரு சாட்சி இல்லாமக் கிடக்கு. நீங்கள் ஊரானுக்குச் சாட்சி சொல்லப் போறியளோ?"

"மாட்டன் எண்டு இங்கிலிசில சொல்லத் தெரியேல்லையப்பா."

"உங்களுக்கு அது தமிழிலையும் தெரியாது," என்று சொல்லிவிட்டு என்னுடைய நல்ல சேர்ட்டை எடுத்து அயன் பண்ணினார்.

அதிகாரி தன் காரிலேயே எங்கள் இருவரையும் பாலம் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார். கந்தோர் ஒரு பழைய வீடு. கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் மேசை இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் கதைத்து முடியும்வரை மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. அவனுடைய தாய் மூச்சு வாங்கியபடி அவனுக்கு எதிரே இருந்தார். செத்தவனின் தாய் கதவுக்குக் கிட்ட, கோட்டைக் கழற்றாமல் இருந்தார். ஊரின் பலசரக்குக் கடை அவருடையதாம். அந்த ஊரில் இருக்கிறவர் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு கிழமையைக் கடத்துவது கஷ்டம்.

என் முறை வந்தது. பழக்கிக்கொண்டு போன வசனம் எல்லாம் மறந்துபோய்விட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "வெள்ளிக்கிழமையில முதலாளி எல்லாருக்கும் ஒரு பியர் தருவார். இவன் குடிக்கிறேல்லை, எனக்குத் தந்திடுவான். நானும் குடிக்கிறேல்லை, குசினிக்காரருக்குக் குடுத்திடுவன். அவர் இப்ப மூண்டு பேரின்ர பியரைக் குடிச்சு நல்லாக் கொழுத்துப்போனார்."

வட்டத்தில் சிரித்தார்கள். செத்தவனின் தாயும் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு முன்னால் இதையா சொன்னேன் என்று என் நல்ல சேர்ட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பிறகு அவர் கதைத்தார். சாதாரணக் குரல், கடையில் விலை சொல்கிற குரலாகத்தான் இருந்திருக்கும்.

"இவன்ர அம்மா வாசலில சினோப் பனி தள்ளுறதை நான் போன வருசம் கண்டனான். தள்ளிப்போட்டு மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அவவுக்குப் பிள்ளை வேணும். இவன் வரட்டும். நான் அமெரிக்க எல்லைக்கு அங்கால தங்கச்சி வீட்டை போறன். கடையைக் குடுக்க ஆள் பாத்திட்டன். எனக்குக் கோவம் இல்லை. ஆனா இவன் கடைக்கு வந்து பாண் வாங்கேக்குள்ள நான் காசை வாங்கிக்கொண்டு நிக்க ஏலாது."

வீட்டைப் பூட்டித் திறப்புச் சாவியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவது எப்படியென்று எனக்குத் தெரியும். எங்களை எங்கள் ஊரில் இருந்து குண்டு கலைத்தது. இந்த மனுசியைக் கலைக்க ஒருவரும் வரவில்லை. இன்னொருத்தியின் பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும் என்று தானாக எழும்பிப் போகப்போகிறார்.

அவனுடைய முறை வந்தபோது, "அவ போகக்கூடாது. நான் வரேல்லை," என்றான்.

அதிகாரி அவனைப் பார்த்தார். "உனக்கு அனுமதி கிடைச்சிட்டுது. விளங்குதோ?"

"விளங்குது."

தன் முறைக்குக் காத்திராமல் கதைத்தது செத்தவனின் தாய்தான். "நான் எவ்வளவு பாடுபட்டு இதைச் சொன்னனான் எண்டு உனக்குத் தெரியுமோ? திருப்பித் தாறியோ?"

"தெரியும். அதாலதான்."

அவர் எழுந்து வெளியே போனார். கதவை அடித்துச் சாத்தவில்லை. அதிகாரியும் அவனை வற்புறுத்தவில்லை. வரச்சொல்ல அந்தக் கந்தோரால் முடியாது, கேட்கத்தான் முடியும். அவனுடைய தாய் மெதுவாக வந்து மகனின் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிவிட்டார். ஒரு பொத்தான் இல்லை. அந்த இடத்தைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஒழுங்காச் சாப்பிடுறவனோ?"

"ஓம், என்னோடதான் சாப்பிடுறவன்."

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று காரைத் தள்ளியது. வேறு நாளென்றால் ஆற்றுக்குள் விழுந்துவிடுவோமோ என்று கதவைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குப் பின்சீற்றில் அவன் அழுகிற சத்தத்தைக் கேட்காத மாதிரி இருக்கவேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலம் அவன் தாய்க்குப் பக்கத்து வீட்டார்தான் சினோ தள்ளினார்கள் என்று அதிகாரி வந்து சொல்வார். சொல்லிவிட்டு அவனையும் பார்ப்பார்.

மாசி மாதம் ஒருநாள் காலமை அவர் வந்து மூட்டையில் இருக்கவில்லை. நின்றுகொண்டிருந்தார். அவன் தண்ணீரை நிற்பாட்டி, ஏப்ரனில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே நின்றான். தாயின் நல்லடக்கத்துக்கு மட்டும் ஒருநாள் போய்வர அனுமதி இருந்தது, அதிகாரியோடு.

அடக்கம் முடிந்த அடுத்த நாளே வேலைக்கு வந்துவிட்டான். வீட்டில் நில் என்று சொல்ல நினைத்தேன். பக்கத்து அறைக்காரனைத் தவிர நகரத்தில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டில் அவனுக்கு ஆர்? நான் துடைக்க, அவன் கழுவ, மத்தியானக் கோப்பைகள் முடிந்தன. பிறகுதான் கேட்டேன்.

"கடைக்கார அம்மாவைக் கண்டனியோ?"

"இல்லை. நான் வாறன் எண்டு அறிஞ்சு அண்டைக்குத் தங்கச்சி வீட்டை போயிட்டாவாம். கடை பூட்டு. செத்த வீட்டுக்கு வந்த சனம் பாணுக்கும் பாலுக்கும் பாலம் தாண்டி இஞ்சாலதான் வந்தது."

அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு பாலம் தாண்ட அவன் ஒருதரமும் கேட்கவில்லை.