பொடி என்றொரு டேபிள்

கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. கண்டி நகரத்து மிளகு, கறுவாப்பட்டை மொத்தக் கடையின் மாடி அறையிலிருந்து நான் தப்புவதற்குப் பாக்கி இருந்தது முதலாளி கையெழுத்திட்ட சர்வீஸ் லெட்டர் ஒன்றுதான். அது இல்லாமல் புது இடத்தில் சேர்க்கமாட்டார்கள். என் அறைக்குச் சன்னல் கிடையாது. பாதியில் மிளகு மூட்டைகள், மீதியில் கம்ப்யூட்டரும் நானும். நாள் முழுக்கத் தும்மல்.

“கம்ப்யூட்டர்ல கெடக்கிற வேண்டாத டேபிள் எல்லாத்தையும் அழிச்சிட்டு லெட்டர வாங்கிக்கிட்டுப் போங்க தங்கச்சி. புதுசா வர்றவங்க கொழம்பக் கூடாது,” என்றார் முதலாளி.

கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த கடைப் பட்டியல்களைத்தான் டேபிள் என்போம். இதென்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எனக்கு முன் அங்கே வேலை பார்த்த சிங்களவர் எல்லா டேபிளுக்கும் நகல் எடுத்து, நகலுக்கும் நகல் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில், இங்கிலீஷ் எழுத்தில் ‘பொடி’ என்று பெயரிட்ட டேபிள் மிஞ்சியது.

“மிளகுப் பொடி அரைக்கிறத எப்பவோ நிப்பாட்டிட்டோமே. தூக்குங்க!” என்றார் முதலாளி.

அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். முடியாது, மற்ற டேபிள்கள் இதை நம்பி இருக்கின்றன என்று பதில் வந்தது. அதை மீறி அழிக்கவும் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லையும் சேர்த்துத் தட்டினேன். என்டரை அமுக்குமுன், எதற்கும் இருக்கட்டும் என்று டேபிளைத் திறந்து பார்த்தேன். உள்ளே மிளகுமில்லை, தூளுமில்லை. கலகெதர, கெலிஓயா, தெல்தோட்டைப் பக்கத்துச் சில்லறைக் கடைகள்தான் இருந்தன. அத்தனையும் எங்களிடம் இன்றைக்கும் சரக்கு எடுப்பவை. அந்த மனிதர் சிங்களத்தில் பெயர் வைத்திருக்கிறார். சிங்களத்தில் பொடி என்றால் சின்னது!

பெருமை பிடிபடாமல் கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

“இத வேற யாரு கண்டுபுடிச்சிருப்பா? நீங்க போயிட்டா இந்தக் கடை என்னாகிறது? கொழும்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். மேல போங்க தங்கச்சி, குடிக்கப் பிளேன்டி அனுப்புறேன்.”

ஆப்பைப் பிடுங்கிய குரங்காக நின்றேன். லெட்டர் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் வேறு ஒருவருக்கு மிளகு காட்டத் தொடங்கிவிட்டார்.

மேலே திரும்பியபோது, நான் தட்டி வைத்த கட்டளை என்டருக்காகக் காத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. உட்கார்ந்து, அந்தக் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.