அண்ணனுக்கு ஒரு சேலை

சேலை கட்டிவிடுவது என் தொழில். நான் உடுத்துவதோ டி-சட்டையும் தொளதொள கால்சட்டையும். ஐந்தரை மீட்டர் துணியோடு காலையில் மல்லுக்கட்டி, கடைசியில் பஞ்சாபி சூட்டை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடிய சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலேசியாவின் கிள்ளான் நகரில் என் வீட்டு முன்னறைதான் கடை. இஸ்திரிப் பலகை, ஒரு டப்பா நிறையச் சேஃப்டி பின், ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான் முதலீடு.

கண்ணாடிக்கு முக்காடு

என் கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கட்டி முடிக்கும்வரை கண்ணாடி மேல் துண்டு கிடக்கும். ஆரம்பத்தில் இந்த ஏற்பாடு இல்லை. கொசுவம் மடித்துக்கொண்டிருக்கும்போது "இடுப்பு பெருசா தெரியுதே" என்று ஒருத்தி திரும்புவாள், மடிப்பு மொத்தமும் என் கையை விட்டுப் போகும். ஒரே நாளில் மூன்று பேர் அப்படித் திரும்பியதும் குளியலறைத் துண்டை எடுத்துவந்து மாட்டிவிட்டேன். ஒருத்தி பார்த்து முடித்ததும் அடுத்தவளுக்காகத் திரும்ப மூடிவிடுவேன். கை தானாகவே அதைச் செய்யும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலக வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, கைப்பேசியில் ஏதோ ஒரு நடிகையின் படத்தோடு வந்தாள். அதே மாதிரி வேண்டுமாம். நடிகைக்கு இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இவளுக்கு வீட்டுச் சாப்பாடு இருந்தது. நான் வாயைத் திறக்காமல், அவள் உடம்புக்கு எது ஒத்துவருமோ அப்படிக் கட்டி, துண்டை எடுத்தேன். முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள். பிறகு படத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"அவள மாதிரி இல்லக்கா. ஆனா நான் இவ்ளோ நல்லா இருப்பேன்னு எனக்கே தெரியாது லா."

அண்ணன் வந்தார்

அடுத்து வந்தவள் கங்கா. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். மஞ்சள் மேலங்கியும், இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணியுமாக வேலையிலிருந்து நேராக வந்து நின்றாள். ஆண்டு விருந்தில் அவளுக்குச் சிறந்த ஊழியர் விருதாம். சனிக்கிழமை மதியம், கம்பெனி வளாகத்திலேயே கூடாரம் போட்டுச் சாப்பாடு. மேடை ஏறச் சேலை வேண்டும்.

ஏன் சேலைதான் வேண்டும் என்று கேட்டேன். கிடங்கில் அவள் ஒருத்திதான் பெண். விளையாட்டாக யாரோ ஆரம்பித்து, இப்போது இளவட்டம் எல்லாருக்கும் அவள் "அண்ணே". கோபமெல்லாம் இல்லை, நல்ல பையன்கள்தான் என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"பத்து வருஷமா அண்ணே. ஒரு மத்தியானம் அக்காவா இருந்து பாத்துட்றேன்."

அஞ்சேகால்

அந்த வாரமே ரவாங்கிலிருந்து ஓர் ஆண்மகன் வந்தார். மனைவிக்கு வலது கை முறிந்து மாவுக்கட்டு. மச்சினி கல்யாணமோ நெருங்கிவிட்டது. தானே கட்டிவிடப் போகிறாராம், சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. என் வீட்டுக்காரர் சேலைக்கடை வாசலில் நாற்காலி தேடும் ரகம்.

மனிதர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் மடித்துக் காட்டியதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பையிலிருந்து இரும்பு அடிக்கோலை எடுத்து, என் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக அளந்தார். கடைசியில் மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"சிஸ்டர், அஞ்சு இன்ச்சுனு சொன்னீங்க. மூணாவது அஞ்சேகால் வருது."

ஒத்திகை

வியாழக்கிழமை கங்காவுக்கு நடைப் பயிற்சி. கட்டியதும் அவள் எட்டு வைத்தாள், கொசுவம் கதறியது. குதி உயர்ந்த செருப்பில் இரண்டடி வைத்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தட்டைச் செருப்பு போட்டால் சேலை தரையைக் கூட்டியது. மேடைக்கு இரண்டு படி உண்டென்று சொல்லியிருந்தாள். முக்காலியைப் போட்டு ஏறச் சொன்னேன். விளிம்பை மிதித்து, மொத்தத்தையும் உருவிக்கொண்டு இறங்கினாள்.

"அஞ்சு டன்னத் தூக்கிட்டு ரிவர்ஸ் எடுப்பேன்க்கா. இந்தத் துணியத் தூக்கிட்டு ஒரு படி ஏற முடியல."

அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவளுக்காக இல்லாவிட்டாலும் என் தொழில் மானத்துக்காக ஏதாவது செய்தாக வேண்டும். வாசலில் கிடந்த அவளுடைய பாதுகாப்புக் காலணி கண்ணில் பட்டது. போட்டுக்கொள்ளச் சொல்லி, அந்த உயரத்துக்குச் சரியாகச் சேலையைத் திரும்பக் கட்டினேன். காலணி வெளியே தெரியவில்லை. இடது கையால் கொசுவத்தை லேசாகத் தூக்கச் சொன்னேன். முக்காலி மேல் ஏறி, இறங்கி, திரும்பவும் ஏறினாள்.

"இப்ப என் காலு எனக்கே வந்துருச்சுக்கா."

சனிக்கிழமை மதியம்

அன்று காலை மயில்கழுத்து நிறத்தில் பட்டு. துண்டை எடுத்ததும் கங்கா கழுத்தையும் காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. திடீரென்று திரும்பி, விருந்தாளியாக ஒருவரை அழைத்துவரலாம், நீங்கள் வரவேண்டும், டி-சட்டையில் வந்தால் சேர்க்கமாட்டேன் என்றாள். கிளம்பப் பத்தே நிமிடம். டப்பாவில் மிஞ்சியிருந்த நாலு பின்னோடு நானும் ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

நாங்கள் போய் உட்கார்ந்த நேரத்தில், லோரிக்காரன் ஃபோர்க்லிஃப்டால் தூக்கும் ஒரு மரப்பலகை நிறையத் தண்ணீர்ப் பெட்டிகளை மேடைப் படிக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போயிருந்தான். முருகையா என்ற கிடங்குப் பையன் பழக்கதோஷத்தில் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று குரல் கொடுத்தான். கங்கா திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான். மடியில் கை வைத்து, நேராக மேடையைப் பார்த்தபடி இருந்தாள். பையன் பக்கத்தில் வந்து, அவளைப் பார்த்து, கொஞ்சம் தடுமாறி, "அக்கா" என்றான். அப்போதுதான் திரும்பிச் சிரித்தாள். இன்றைக்குத் தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப்போவதில்லை என்று சொன்னாள். நாலு ஆண்கள் வியர்க்க வியர்க்கப் பெட்டிகளைக் கையால் தூக்கி நகர்த்தினார்கள்.

பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இடது கையால் கொசுவத்தைத் தூக்கி, தொம் தொம் என்று இரண்டு படி ஏறினாள். கைதட்டலில் முருகையாவுடையதுதான் பலமாகக் கேட்டது. கோப்பையோடு திரும்பிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், முதன்முறையாக என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு யாருக்கா கட்டிவிட்டா? கொசுவம் முதுகுப் பக்கமா போய் நிக்குதே."

ஊரெல்லாம் தன்னைப் பார்த்து மலரத் துண்டை விலக்கிக்கொண்டிருந்த நான், எனக்கென்று வந்த அந்தப் பத்து நிமிடத்தில், கங்கா பார்த்ததும் பழக்கத்தில் கை மூடிவிட்டிருந்த அதை விலக்கவே மறந்துபோயிருந்தேன்.