சொல்லாமல் எழும்பி வந்தது

வெட்டிய புல்லின் பச்சை வாசமும் பெற்றோல் மணமும் கலந்து வந்தால் அன்று சனிக்கிழமை. வென்ட்வேர்த்வில்லில் எங்கள் பக்கத்து வீட்டு ஜோன், தன் புல்லை வெட்டி முடித்த கையோடு, கேட்காமலே எங்கள் முற்றத்தையும் வெட்டிவிடுவார். அவர் மனைவி மார்கரெட்தான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய அம்மாவுக்கு எந்த ரயிலில் ஏறுவது, எந்தக் கடையில் மீன் நல்லது என்றெல்லாம் கூட்டிப்போய்க் காட்டியவர். அந்தத் தெருவில் அம்மாவுக்கு இருந்த ஒரே சிநேகிதி.

எனக்கு ஒன்பது வயதிருக்கும், ஜோன் திடீரென்று இறந்துபோனார். அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டில் எல்லோரும் கூடியபோது நாங்களும் போனோம். அம்மா மார்கரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு, எங்கள் வழக்கப்படி, ஒருவரிடமும் சொல்லாமல் எழும்பி வந்து, எல்லோரும் தலையில் தண்ணீர் வார்த்தோம்.

அடுத்த வாரம் மார்கரெட் வேலியடியில் என்னைக் கூப்பிட்டு, உன் அம்மாவைத் தேடித் தேடிப் பார்த்தேன், போகும்போது ஒரு சொல் சொல்லவில்லையே, இது "இன்எக்ஸ்கியூசபிள்" என்று அம்மாவிடம் சொல் என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் செய்யாதவனுக்கும் ரீச்சர் அதைத்தான் சொல்வார். குண்டு போட்டவர்களுக்கும் தொலைக்காட்சிச் செய்தியில் அதே சொல்தான். எந்தச் சாட்டும் சமாதானமும் எடுபடாது, மன்னிக்கவே முடியாது என்பது பொருள்.

நான் சொன்னதும் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "செத்த வீட்டிலை ஆரும் போயிட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? இன்னொரு சாவுக்கு வாறதுக்கோ?"

"ஊரோடை ஒத்து வாழ் எண்டு சும்மாவே சொன்னவை?" என்றார் அப்பா.

"எந்த ஊரோடை?" என்று அம்மா சீறினார். ஆனாலும் சிநேகிதியை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில், அன்று பின்னேரமே என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். அம்மா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். மார்கரெட் பொறுமையாகக் கேட்டார், தேநீரும் தந்தார், ஆனால் சொன்ன சொல்லை மட்டும் திருப்பி எடுக்கவில்லை. பேச்சு நிற்கவில்லைதான், இருந்தும் பழைய ஒட்டு இல்லை. சில வருடங்களில் அவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு குயின்ஸ்லாந்துக்குப் போய், அங்கேயே காலமானார். "முறைப்படி நடந்ததுக்கு அப்பிடியொரு சொல்லோ!" என்று அம்மா நெடுங்காலம் புழுங்கிக்கொண்டிருந்தார். எனக்கும் மார்கரெட்மேல் கோபம்தான்.

போன வருடம் அப்பா போய்விட்டார். வீடு கொள்ளாத சனம். வந்து அழுதவர்கள் எல்லோரும் முறை தவறாமல், ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். தேத்தண்ணி கொண்டுவர நான் குசினிக்குப் போய்த் திரும்பியபோது, வெறுங் கதிரைகளுக்கு நடுவே அம்மா தனியே இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் போயிட்டினமோ, பிள்ளை?"

"ஓம் அம்மா."

அம்மா யன்னலால் வேலிப் பக்கம் பார்த்தார்.

"அந்த மனிசி கோவிச்சது நியாயந்தான்," என்றார். "அதை ஒருக்காச் சொல்லிப்போட்டு வருவமெண்டால்..."

வேலிக்கு அந்தப் பக்கம் பழைய வீட்டை இடித்து வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.