ஒரு டயருக்கு ஒரு ஜெபம்

இதை எழுத வேண்டும் என்று கொப்பியைத் திறந்து, தலைப்பு மட்டும் போட்டு, திரும்ப மூடிவைத்த நாட்கள் எத்தனையோ. முதலில் அம்மா இருந்தார், அவர் மனம் உடைந்துவிடும் என்று பயந்தேன். பிறகு அம்மாவும் கர்த்தரிடம் போனார். அதன்பிறகும் இரண்டு வருசம் சும்மா இருந்தேன். நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதத் தெரியாது என்பது ஒரு சாட்டு. உண்மையில், களைத்துப் போயிருந்தேன். ஒரே கதையை வருசா வருசம் ஆலயத்தில் எழுந்து நின்று சொன்ன களைப்பு அது.

எங்கள் வீடு மட்டக்களப்பு டவுனில், வாவிக்கரை றோட்டுக்குப் பக்கத்தில். அப்பா ஹயர் கார் ஓட்டினார். சாம்பல் நிறத்தில் பழைய கார். கியர் தடி ஸ்டியரிங்கின் கழுத்திலேயே இருக்கும். முன்சீற் ஒரே வாங்கு மாதிரி நீளம். அப்பா அதில் எட்டுப் பேரையும் ஏற்றுவார், ஆஸ்பத்திரிக்கு நோயாளியையும் ஏற்றுவார், கல்யாணப் பெண்ணையும் ஏற்றுவார். தேய்ந்த டயருக்குப் புதுத்தோல் ஒட்டி ஓட்டுவார். பாரம் தாங்க வேண்டும் என்று காத்தைக் கல்லு மாதிரி அடித்து வைப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சமாதான காலம் என்று சொன்ன அந்த வருசத்தில், அம்மாவின் தம்பி கட்டாரிலிருந்து வந்திருந்தார். என் மாமா. அவர் கொழும்பில் ஒரு ஜப்பான் கார் வாங்கி, அதை ஓட்டிக்கொண்டே நத்தாருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். கிளச் இல்லாத கார். கியர் தானாக மாறும். அப்படி ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நத்தார் அன்று, மார்கழி இருபத்தைந்தாம் திகதி, ஆராதனை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினோம். கல்லடிப் பாலத்துக்கு அப்பால் கடற்கரையோரம் இருக்கிற நாவலடியிலிருந்து சின்னம்மாவும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். சின்னம்மா அம்மாவின் தங்கை. அவர் இடுப்பில் நடக்கப் பழகாத ஆண் குழந்தை. சோறு வேகும் வரை ஆம்பிளையள் இரண்டு காரையும் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"இடது காலுக்கு லீவு குடுத்திரிக்கன் அத்தான்," என்றார் மாமா. "மிதிக்க ஒண்டுமில்ல. நித்திரையிலயும் ஓட்டலாம்."

"கால் ரெண்டையும் ஆண்டவர் சும்மாவா தந்தவர்?" என்றார் அப்பா. "சரி, செக்பொயின்ற்றில நிப்பாட்டச் சொல்றான். திரும்ப ஸ்டார்ட் வரல்ல. எனக்கெண்டா நாலு பேர் தள்ளினாப் போதும். உன்ட காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலுமா?"

"என்ட கார் நிண்டாத்தானே அத்தான் தள்றதுக்கு!"

அப்பா காலால் மாமாவின் டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அகலமான புது டயர். மாமா சொன்னார், இந்த டயருக்குக் காத்து அளவாகத்தான் அடிக்க வேணும், அதனால்தான் மெத்தையில் போவது மாதிரி இருக்கிறது, உங்கட கார் கார் இல்லை அத்தான், உரல், அவ்வளவு காத்து அடித்தால் கல்லு ஒவ்வொன்றும் ஆசனத்துக்கு வந்து சுகம் விசாரிக்கும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் எனக்குத் தெரியும், அது அப்பாவின் சிரிப்பில்லை.

பிறகு மாமாதான் போட்டி வைத்தார். விளிம்பு வரை சிவப்புச் சர்பத் ஊற்றிய கிளாஸை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்சீற்றில் இருக்க வேண்டும். வாவிக்கரையால் போய்த் திரும்பி வர வேண்டும். எந்தக் காரில் குறையச் சிந்துகிறதோ அதுதான் கார்.

மாமாவின் கார் கிளம்பியதே தெரியவில்லை. தோணி நழுவுவது போல நழுவியது. ஒரு துளி சிந்தவில்லை. அடுத்தது அப்பா. நான் அப்பா வெல்ல வேண்டும் என்று, ஏறும்போதே யாரும் பார்க்காமல் இரண்டு மிடறு குடித்துவிட்டேன். அப்படியிருந்தும், இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது கார் ஒரு கெந்துக் கெந்தியது. பிறகு மதகு வந்தது. வெள்ளை நத்தார்ச் சட்டை நெஞ்சு முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

அதிகம் சிரித்தது சின்னம்மா. "அத்தான், நாளைக்கு எங்கள ஏத்த வரக்குள்ள பிள்ளைக்கு ஒரு மெழுகுசீலையும் கொண்டு வாங்க!"

அடுத்த நாள் ஞாயிறு. காலையில் நாங்கள் நாவலடிக்குப் போய், சின்னம்மா வீட்டில் சாப்பிட்டு, ஒன்பதரை ஆராதனைக்கு அவர்களையும் ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

"நான் வந்து ஏத்துறன்கா," என்றார் மாமா.

"வேண்டாம்," என்றார் அப்பா. "நான்தான் ஏத்துவன். ஏழரைக்கு வெளிக்கிட்டு நில்லுங்க."

பின்னேரம் மாமா சின்னம்மாவையும் சித்தப்பாவையும் நாவலடியில் இறக்கிவிட்டு, வாழைச்சேனையில் தனக்குப் பேசியிருந்த பெண் வீட்டுக்குப் போவதாக இருந்தார். அதற்குமுன் சாப்பாட்டு மயக்கத்தில் எல்லோரும் பாயில் சரிந்தார்கள். நான் நித்திரை கொள்ளவில்லை. எனக்கு மாமா சொன்னது மட்டும்தான் தலைக்குள் நின்றது. காத்துக் கூடிவிட்டது. அதுதான் பிழை. அப்பாவில் பிழையில்லை.

ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். டயருக்குக் காத்து அடிப்பதையும் இறக்குவதையும் அப்பாவின் பக்கத்தில் குந்தியிருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வால்வு மூடியைக் கழற்றி நடு ஊசியை ஆணியால் அமத்தினேன். உஸ் என்று வந்தது. எவ்வளவு நேரம் அமத்துவது என்று தெரியவில்லை. நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் சரியும் என்று மட்டும் தெரியும். அதனால் ஒரு டயருக்கு ஒரு பரமண்டல ஜெபம் என்று கணக்கு வைத்தேன். அவசரப்படாமல், ஞாயிறு பள்ளியில் சொல்வது போல, ஆமென் வரை. நாலு தரம் சொன்னேன். நாலு ஆமென். மூடிகளைப் போட்டுவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் படுத்தேன். நாளைக்கு அப்பாவின் கார் மெத்தையாகப் போகும், சின்னம்மா வாயில் கை வைப்பார் என்று நினைத்தபடி நித்திரையாகிவிட்டேன்.

மறுநாள் ஆறரைக்கே அப்பா எழும்பி, "பெற்றோல் அடிச்சிட்டு வாறன்" என்று போனார். நாங்கள் சட்டை மாற்றி வாசலில் நின்றோம். ஏழரையானது. எட்டானது. எட்டேகாலுக்கும் பிறகுதான் கார் வந்தது. அம்மா கறுவிக்கொண்டு நின்றார்.

"நாலு டயரிலும் காத்தில்ல," என்றார் அப்பா. "கால் பம்பால அடிச்சு எடுக்கச் சுணங்கிப் போச்சு."

நான் பின்சீற்றில் என் சின்னத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். அம்மா வழிநெடுக ஏசிக்கொண்டு வந்தார்.

கல்லடிப் பாலத்தில் ஏறிப் பாதி தூரம் போகவில்லை, எதிரே சனம் ஓடி வந்தது. பொம்பிளையள் தலை விரிந்து, உடுப்பு நனைந்து வந்தார்கள். கடல் வருது, கடல் வருது என்றார்கள். கடல் எப்படி வரும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. பாலத்துக்குக் கீழே தார் நிறத்தில் தண்ணீர் போனது. அதில் கதவுகளும் தோணிகளும் போயின. அந்தப் பாலம் ஒடுக்கம், திருப்ப முடியாது. அப்பா தலையை வெளியே நீட்டிப் பின்னுக்கே எடுத்தார். எடுக்கும்போதே கதவைத் திறந்து திறந்து ஆட்களை ஏற்றினார். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. என் காலுக்குமேல் யாரோ ஒரு கிழவர் அழுதுகொண்டிருந்தார்.

சித்தப்பா தென்னை ஒன்றைப் பிடித்துத் தப்பினார். சின்னம்மாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். ஆலயத்துக்குக் கட்டிய சாரியோடு. பிள்ளை கிடைக்கவில்லை. ஏழரையிலிருந்து அவள் கேற்றடியில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சித்தப்பா ஒரு தரம்தான் சொன்னார்.

செத்த வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் நீங்கள் எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டார்கள். அம்மா டயர் கதையைச் சொன்னார். எங்கள் சபையில் ஒரு மூத்த அம்மா இருந்தார், எதையும் துருவிக் கேட்பவர். "நாலுமா?" என்று அப்பாவைக் கேட்டார். "ஓம்." "நாலும் ஒரே அளவா?" "ஓம், ஒரே அளவு."

"கள்ளன் எண்டா டயரையே கழட்டிப் போயிருப்பான்," என்றார் அந்த மூத்த அம்மா, எங்கள் அம்மாவின் பக்கம் திரும்பி. "பகையாளி எண்டா ஆணி அடிச்சிருப்பான். ஒரே அளவா இறக்கினதெண்டா, அளவு தெரிஞ்ச ஒருத்தர் வந்திருக்கிறார் மகள்."

அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டு அழுதார். கர்த்தர் தம் தூதனை அனுப்பிக் காத்தை இறக்கினார் என்பது அப்படித்தான் பிறந்தது. அடுத்த வருச நன்றி ஆராதனையில் அம்மா அதைச் சாட்சியாகச் சொன்னார். அதற்கடுத்த வருசம் வேறு சபையில் யாரோ சொன்னபோது தூதர் நாலு பேராகியிருந்தனர், சக்கரத்துக்கு ஒருவராக. அம்மா சாட்சி சொல்ல எழும்பும்போதெல்லாம் சித்தப்பா எழும்பி வெளியே போவார். சற்று நேரத்தில் அப்பாவும் போவார். இருவரும் மதிலடியில் நிற்பார்கள். நான் யன்னலால் பார்ப்பேன். அப்பாவுக்கு நான்தான் செய்தேன் என்று தெரியும், அதனால்தான் போகிறார் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

சண்டை திரும்ப வந்தது. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து சனம் மூட்டை முடிச்சோடு டவுனுக்கு வந்தது. அப்பா அவர்களையும் ஏற்றி இறக்கினார். பிறகு சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். அந்த வருசக் கடைசியில் அம்மாவுக்குப் பிரசர் கூடி, நின்று பேச ஏலாமல் போனது. "இந்தமுறை நீ சொல்லு மகள்," என்றார். "உனக்கும் எல்லாம் தெரியும்தானே."

எல்லாம் தெரிந்ததுதான் கஷ்டம். பலிபீடத்துக்கு முன்னால் நின்று தூதன் என்று நான் எப்படிச் சொல்வது? மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆராதனைக்கு முதல் நாள் அப்பா முற்றத்தில் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குந்தி, அழுதுகொண்டே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஆணி, வால்வு, நாலு ஜெபம் எல்லாம்.

அப்பா நட்டை இறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசி நட்டும் இறுகிய பிறகுதான் பேசினார்.

"காத்து இல்லாம நிண்டதெண்டு கொம்மாட்டச் சொன்னது பொய் மகள். கார் ஓடிச்சு. ஸ்டியரிங் கொஞ்சம் கனத்துது, அவ்வளவுதான். அப்பிடி அது ஒரு நாளும் ஓடினதில்ல. மதகால போனதே தெரியல்ல. கடையில ஒரு கிளாஸ் தண்ணி வாங்கி, ஒரு கையில பிடிச்சுக்கொண்டு வாவிக்கரையால போய் வந்தன். சிந்தல்ல. மறுகாப் போனன். மூண்டாந்தரமும் போனன். அதுலதான் சுணங்கினது. உன்ட காத்தில இல்ல."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "கொம்மாட்ட ஒண்டும் சொல்லாத. அவ அந்தத் தூதனப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பி நடக்கிறா," என்றார்.

எனக்கு மலை இறங்கியது போல இருந்தது. ஓடிப்போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அடுத்த நாள் ஆலயத்தில் நின்று, நாலு டயரிலும் காத்து ஒரே அளவாகக் குறைந்திருந்தது, அதனால் சுணங்கினோம், தப்பினோம் என்று மட்டும் சொன்னேன். தூதன் என்ற சொல்லை நான் எடுக்கவேயில்லை. எடுக்கவும் தேவைப்படவில்லை. வாங்குகளிலிருந்து அல்லேலூயா என்று சத்தம் வந்தது. அம்மா கையை உயர்த்திக்கொண்டு அழுதார். அதன்பிறகு வருசா வருசம் நான்தான்.

ஏழரைக்குப் போயிருந்தால் நாங்களும் அங்கே சாப்பாட்டில் இருந்திருப்போமா, அல்லது அப்பா அவசரப்படுத்தி எல்லோரையும் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்திருப்பாரா என்று கணக்குப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அது கர்த்தருக்கு மட்டும் தெரிந்த கணக்கு. அதை அவரிடமே விட்டுவிட்டேன்.

விட முடியாதது வேறொன்று. அப்பா நாலு வருசத்துக்கு முன் காலமானார். இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நாள் அடுப்படியில் நிற்கும்போதுதான் திடீரென்று உறைத்தது. அம்மாவிடம் ஒரு கதை, என்னிடம் ஒரு கதை. இரண்டில் ஒன்று பொய். ஒரு மனிதன் ஞாயிறு காலையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு தனியாகப் போய்ப் போய் வந்தாரா? அல்லது பதினாலு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு குந்தியிருந்ததைப் பார்த்து, நட்டை இறுக்கும் அந்த நேரத்துக்குள் அப்படி ஒன்றை உண்டாக்கிச் சொன்னாரா? அன்று பாலத்துக்குப் போகும்போது டயர் மெத்தையாக இருந்ததா, கல்லாக இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சக்கரத்தடியில் குந்தியிருந்த அன்று, எனக்குப் பாரம் இறங்கியது மட்டும்தான் தெரிந்தது. அது யார்மேல் ஏறியது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை வாசிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதென்றால் இருக்கிறபடியே சொல்லுங்கள். தூதனைச் சேர்க்க வேண்டாம். அப்பா சொன்ன இரண்டு கதையில் உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவும் வேண்டாம். கேற்றடியில் நின்ற சின்னம்மாவையும் பிள்ளையையும் சொல்லுங்கள். சாட்சியில் அவர்களை நான் ஒரு தரமும் சொன்னதில்லை.