முடிவு ஜெபமும் ராணிப்பேட்டை வேலையும்

எங்கள் சபையில் வம்பு பேசுவது பாவம். ஆகவே நாங்கள் ஜெபிக்கிறோம்.

சத்துவாச்சாரியில் எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு வீட்டில் கூடுவோம். காட்டேஜ் பிரேயர் என்று பெயர். பாட்டு, சிறு செய்தி, அதன் பிறகு ஜெப விண்ணப்பங்கள். கூட்டத்தின் உயிர் அந்த விண்ணப்பங்களில்தான் இருக்கிறது. இன்னார் மகன் குடிக்கிறான் என்று சொன்னால் அது புறணி. "அந்த வீட்டு வாலிபனை மதுவின் பிடியிலிருந்து விடுவியும், ஆண்டவரே" என்றால் அது பிறருக்காகச் சுமக்கிற பாரம். கண்ணை மூடிக்கொண்டு, காதைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோரும் ஆமென் போடுவோம்.

நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ் வரும். ஆகவே முடிவு ஜெபம் என் பொறுப்பு. 'தேவரீர்' என்று தொடங்கினால் காபி ஆறுகிறவரை நிறுத்த மாட்டேன். மனைவி இருந்தவரை பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடிப்பாள். இப்போது இடிக்க ஆளில்லை.

வீட்டில் நானும் மருமகளும்தான். மகனுக்குக் கப்பலில் வேலை. பாதி வருஷம் கடலில் இருப்பான். மருமகள் ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் கம்பெனி ஒன்றில் சாம்பிள் பிரிவில் இருந்தாள். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் ஜோடியைச் செய்து காட்டுகிற பிரிவு அது. கெட்டிக்காரி. விடிவதற்கு முன் கம்பெனி வேன் வந்துவிடும். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அவள் ஆராதனைக்கு வராததைப் பற்றிச் சபையில் பலருக்குப் பாரம் உண்டு.

இந்த வருஷம் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி அவளை இன்டர்வியூவுக்கு அழைத்தது. பாதி தூரம். ஞாயிறு லீவு. வேலை கிடைத்தால் சாம்பிள் பிரிவுக்கே அவள் தலைவி.

"மாமா, வர்ற வியாழக்கிழமை இன்டர்வியூ. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நம்ம கம்பெனில தெரிஞ்சா பேஜாராயிடும்" என்றாள்.

"நான் ஏம்மா சொல்லப்போறேன்?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எங்கள் பகுதியில் குடியிருக்கும் ஒருவரின் வீட்டில் கூட்டம். ஒருவருக்கு மகன் கனடா போக விசா. இன்னொருவருக்கு இருதய ஆபரேஷன். ஒரு அம்மாவுக்கு மருமகன் திரும்பி வந்துவிட்டான். என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. முட்டி வலியை எத்தனை வாரம்தான் ஆண்டவருக்கு நினைவூட்டுவது? என் வீட்டிலும் தேவன் கிரியை செய்கிறார் என்று காட்ட வேண்டியிருந்தது.

மூலையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மருமகள் வேலை செய்யும் அதே ஆம்பூர் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜருடைய மனைவி. அவர் இருந்ததை மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் கை வருகிறது. மறக்கவில்லை. கண்ணை மூடியதும் அவர் அங்கே இல்லாதவராகிவிட்டார், அவ்வளவுதான்.

"தேவரீர், எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்திக்கு ராணிப்பேட்டையிலே நீர் திறக்கிற வாசலுக்காக ஸ்தோத்திரம். வியாழக்கிழமையிலே அவள் நாவிலே வார்த்தைகளைத் தாரும்."

பெயர் சொல்லவில்லை. அதில் அவ்வளவு ஜாக்கிரதை! எங்கள் வீட்டில் இருக்கிற பிள்ளை ஒன்றே ஒன்று.

சமோசா தட்டு வந்தபோது அந்தப் பெண்மணி பக்கத்தில் வந்தார். "ராணிப்பேட்டையில எந்தக் கம்பெனிங்க ஐயா? நானும் பேர் சொல்லி ஜெபம் பண்றேன்." சொன்னேன். ஜெபத்துக்கு முழு விலாசம் வேண்டுமல்லவா.

செவ்வாய்க்கிழமை மருமகள் வந்து பையை சோபாவில் எறிந்தாள்.

"ஹெச்.ஆர். கூப்ட்டாரு. 'ராணிப்பேட்டைக்குப் போறீங்களாமே, வாழ்த்துகள்'னாரு. அங்க இருக்கற ஹெச்.ஆர். இவருக்கு தோஸ்த்தாம், போன் போட்டுட்டாரு. இன்டர்வியூ கேன்சல்னு மெசேஜ் வந்துடுச்சி. நாளையிலேர்ந்து நான் பேக்கிங் செக்‌ஷன். டப்பாவுல ஷூ வைக்கணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலம்மா. ஆண்டவர்கிட்ட மட்டும்தான்."

"எங்க வெச்சி?"

"காட்டேஜ் பிரேயர்ல."

"ஓ. அப்ப அவருதான் ஹெச்.ஆருக்கு போன் பண்ணாரா?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஆண்டவர் ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பார் என்று ஆரம்பித்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் பேசிய வாய்.

"அவரு அடைக்கல மாமா. நீங்க அடைச்சீங்க."

என் அறைக்குப் போய் முழங்கால் போட்டேன். முட்டி வலியோடு போட்டேன் என்பதை ஆண்டவர் கவனித்திருப்பார் என்று அப்போது நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். பாவி என்றேன், புழு என்றேன், தூசி என்றேன். குரல் தானாக ஏறியது. நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது.

"மாமா, ராணிப்பேட்டை வேலை போனது எனக்கு. அவருக்கு இன்னா போச்சி? அவர்கிட்ட போயி மன்னிப்பு கேக்கறீங்க?"

எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. அவளே கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அது இன்னும் அவமானமாக இருந்தது.

"என்கிட்ட கேளுங்க. கண்ணை மூடாம."

அது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆண்டவரிடம் காலையும் மாலையும் மன்னிப்புக் கேட்பவன் நான். எதிரில் நின்று முகத்தைப் பார்க்கிற ஒருத்தியிடம் கேட்க ஒரு வாக்கியம் வரவில்லை. என் மனைவியிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசியில், "தப்பு பண்ணிட்டேன்மா. பெருமைக்காகச் சொன்னேன். மன்னிச்சிடு" என்றேன். ஸ்தோத்திரம் எதுவும் சேர்க்கவில்லை.

"யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இது எங்கள் மார்க்கத்தில் எதிர்பார்க்கிற பதில் இல்லை. கேட்டவுடன் கிடைத்துவிடும் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேக்கிங் வேலைக்கு நாளெல்லாம் நிற்க வேண்டும். இரவு கால் வீங்கி வருவாள். சமைக்க முடியாது. நான் விடியுமுன் எழுந்து அவளுக்கு மதிய டப்பா கட்ட ஆரம்பித்தேன். முதல் வாரம் என் எலுமிச்சை சாதத்தை வேனில் யாருக்கோ கொடுத்துவிட்டதாக அவளே சொன்னாள். "அந்தக்காவுக்கும் வேணாமாம்" என்றும் சொன்னாள். அவள் என்னிடம் பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு ஜெபத்துக்கு அழைத்தார்கள். வேண்டாம் என்றேன். "ஐயாவுக்கு ஏதோ பாரம்" என்று ஒரு சகோதரி உடனே எனக்காக ஜெபித்தார். என் சர்க்கரை அளவு, மகன் சரியாகப் போன் பண்ணாதது, வீட்டில் மருமகளோடு ஏதோ மனத்தாங்கல், எல்லாம் வரிசையாக ஆண்டவர் சந்நிதிக்குப் போயின. மூலையில் ஹெச்.ஆர். மனைவி உருக்கமாக ஆமென் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு நாள் மருமகள் வேனுக்குப் போகவில்லை. நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு, ஒரு ஃபைலோடு வந்து நின்றாள்.

"மாமா, இன்னிக்கு எனக்காக ஜெபம் பண்ணிக்கங்க."

"எதுக்கும்மா?"

"அது அவருக்குத் தெரியும். நீங்க பண்ணுங்க."

அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துப் போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி, என்ன கேட்பது, ஒன்றும் தெரியாது. "ஆண்டவரே, அவளுக்கு" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆமென்.

சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்ன ஆச்சு என்ற கேள்வி என் பல் வரைக்கும் வந்து நின்றது. எழுந்து போய் டீக்குப் பால் வைத்தேன்.