நீல விளக்கில் என் மீசை

மலேசியாவில், கெமாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நான் களைக்கொல்லி மருந்து அடிப்பவன். ஒரு சொட்டுகூட மேலே படாமல் அடிப்பேன் என்று பீற்றிக்கொள்பவனும் நான்தான். அதைச் சோதிக்கத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்காக ஒரு பெண் வந்தார். ஒல்லியான உருவம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். எதை எழுதி முடித்தாலும் பேனாவைக் காதில் செருகிக்கொள்வார்.

மருந்துக்குப் பதிலாக, நீல விளக்கு பட்டால் இருட்டில் ஒளிரும் சாயத்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார். அடித்து முடித்ததும் கையுறையைக் கழற்றி, அவருடைய பேனாவை வாங்கித்தான் ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஸ்டோர் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டார்.

விரல், சட்டை, தோள் எல்லாம் எனக்குத் தீபாவளி!

“அண்ணே, மீசைகூட மின்னுது லா!”

முறுக்குகிற பழக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது.

“உங்க காதுந்தான் மின்னுது, தங்கச்சி!”

அவர் காதைத் தொட்டார், பேனாவைப் பார்த்தார், துள்ளியே விட்டார். “ஐயோ அண்ணே, இதுதான் எனக்கு வேணும்! உங்க கையிலேர்ந்து எனக்கு வந்திருச்சு பாருங்க!” அதே வேகத்தில் கேட்டார்: “வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனா, முதல்ல யாரைத் தூக்குவீங்க?”

இரண்டு வயது மகளைத்தான். தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வேன். தோளைப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் குளித்துவிட்டுத்தான் அவளைத் தூக்குகிறேன். பத்து வருஷமாகக் ‘குளி, குளி’ என்று கத்திய என் மனைவி, பேர்கூடத் தெரியாத அந்தப் பெண் ஒரே கேள்வியில் எப்படிச் சாதித்தார் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.